பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்

"வண்டியில யார் யாரு எங்கெங்க உக்காருவீங்க?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். 'வாங்க' கிடையாது, 'வண்டிக்கு என்ன' கிடையாது. நான் காரை விட்டு இறங்கி இன்னும் முழுசாக நிமிரக்கூட இல்லை. சைலன்சர் ஓட்டையை அடைக்க வந்தவளிடம் இந்த ஆளுக்கு என்ன குடும்ப விசாரணை என்று சுர்ரென்றது. எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே சுர்ரென்று வரும். எங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சொல்லுங்களேன்."

"நான் ஓட்டுவேன். எங்கப்பா பின்னாடி உக்காருவாரு."

"முன்னாடி?"

"யாரும் இல்ல."

முன் சீட்டில் கிடந்த என் கைப்பையையும் டிபன் பையையும் எட்டிப் பார்த்தார். "அப்ப பைதான் உக்காருது" என்றார். சிரிக்கவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஒன்று கொடுத்திருப்பேன். மீன் ஏலக்கூடையில் இது சங்கரா, இது வவ்வால் என்று பிரித்துப் போடுகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் ஆகாமல் அப்பாவோடு லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் இருக்கிறவளிடம் காலி முன் சீட்டைப் பற்றி யார் பேசினாலும் குத்திக் காட்டுவதாகத்தான் தோன்றும். அவர் பேச்சில் அதெல்லாம் இல்லை என்று புரிய எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

காலாப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மீனவர் குப்பத்துக்கு இறங்குகிற திருப்பத்தில் அவருடைய ஷெட் இருந்தது. தகரக் கூரை. நடுவில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு குழி, அதன் மேல் காரை ஏற்றி நிறுத்த இரண்டு இரும்புப் பாளம். பலகையில் 'சைலன்சர் வேலை செய்யப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கும். பேர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. எல்லோரும் சைலன்சர்காரர் என்பார்கள். நானும் கடைசி வரைக்கும் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அந்தக் குப்பத்திலேயே பிறந்தவர். வாலிபத்தில் போட் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு அப்புறம் கார், வேன் என்று சாலைப் பக்கம் வந்துவிட்டார். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாக்குப்பிடிக்காது. காருக்கு அடியில் சூட்டிலும் தண்ணீரிலும் கிடக்கிற பைப்பைச் சொல்லவே வேண்டாம். அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் ஆபீசில் தபால் பிரிவில் இருந்தவர். "வேலைன்னா அது வேலை மேடம். ஆனா வூட்டாளுங்கள மட்டும் கூட்டிக்கினு போயிடாதீங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன். தன் கதையையே சொன்னார். அவர் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஆகாது. அம்மா வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மனைவி சொல்லிவிட, அம்மா இவருடைய தங்கை வீட்டில் இருந்தார். இவர் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். அம்மாவைக் காரில் ஏற்றி முதல் பூசைக்கு மாதா கோயிலில் விட்டு, பூசை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டு, நிஜமாகவே மீனும் வாங்கிக்கொண்டு வீடு சேருவார். இப்படி இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் சைலன்சரில் சத்தம் வர, மனைவியையும் ஏற்றிக்கொண்டு அந்த ஷெட்டுக்குப் போய்விட்டார். சைலன்சர்காரர் வழக்கம்போல யார் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்க, நாங்கள் இரண்டு பேரும் முன்னால்தான், பின்னால் யாரும் உட்காருவதில்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவர் பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "எடது பக்கம் யாரோ உக்கார்றாங்களேம்மா. சீட்டெல்லாம் தைல வாசன. தலவலிக்காரங்க" என்றாராம்.

"பொண்டாட்டி என்னைத் திரும்பிப் பாத்தா பாருங்க மேடம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் தபால் பிரிவுக்காரர். மூன்று மாதம் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையாம். ஆத்திரம் தாங்காமல் ஷெட்டுக்குத் தனியாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அதற்கு சைலன்சர்காரர், "அது இருக்கட்டும் சார். பின்னாடி உக்கார்ற அந்தம்மாவுக்குத் தலவலி வந்துச்சா இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். வந்தது உண்மைதான். பைப்பை மாற்றிய பிறகு வரவில்லை என்பதும் உண்மைதான். "இப்ப அம்மாவ வெளிப்படையாவே கூட்டிக்கினு போறேன். சில வாரம் அவளும் வர்றா. அம்மாகிட்டப் பேச மாட்டா. ஆனா வர்றா."

இப்படி அவரைப் பற்றி நிறைய உண்டு. மோட்டார் சைக்கிளுக்குச் சத்தமாக உறுமுகிற சைலன்சர் வேண்டும் என்று ஒருவன் வந்திருக்கிறான். பின்னால் யார் உட்காருவார்கள் என்று இவர் கேட்க, அம்மா என்று சொல்லியிருக்கிறான். "அம்மாவக் கூட்டிக்கினு வா. அவங்களுக்குச் சரின்னா மாட்டித் தர்றேன்." அவன் அப்புறம் வரவில்லை. டிரைவர் வைத்திருந்த ஒரு பெரிய மனிதரிடம், "நீங்க இருங்க, டிரைவரு சொல்லட்டும். அவருதான் எட்டு மணி நேரம் உள்ள கெடக்குறாரு" என்று சொன்னதை நானே நேரில் கேட்டேன். அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவேண்டும். காரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். சைலன்சர்காரர் அதற்கு வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, பெருமைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

ஏன் இப்படி எல்லோரையும் துருவுகிறீர்கள் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். போட்டில் யாராவது இன்ஜின் புகையில் செத்துப்போயிருப்பார்கள், சினிமாவில் வருகிற மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்டில்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "வண்டிக்கு வாயில்ல. உள்ள உக்கார்றவங்களுக்கு இருக்குல்ல. கேட்டா சொல்லப்போறாங்க." அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி காலாப்பட்டையும் தாண்டி இருந்தது, எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். கார் பெரியப்பாவுடையது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். கடைசிக் காலத்தில் ஆசையாக வாங்கிய சின்னக் காரை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் சொல்கிற சமயத்தில் அதற்குப் பதினெட்டு வயது.

முதல் ஆறு மாதம் டயாலிசிஸ் பெரிய தொந்தரவில்லாமல் போனது. அப்புறம் அப்பா போகிற வழியிலேயே சோர்ந்துபோக ஆரம்பித்தார். தலைவலி, குமட்டல், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வாந்தி. கண்ணைத் திறந்து பதில் சொல்லவே நேரமாகும். டாக்டர்கள் ரத்தம் குறைவு என்று ஊசி போட்டார்கள், பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். எல்லோரும் நோயின் வேலை என்றுதான் நினைத்தோம். முதல் ஆளாக நினைத்தவள் நான். இவ்வளவு பெரிய நோயைக் கூடவே வைத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குத் தலை வலித்தால் வேறு காரணத்தை யார் தேடப்போகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பா சொன்னார்.

"செவ்வாக்கெழம வர்றேன்மா. அதோட போதும். வெள்ளிக்கெழமலேருந்து வேணாம்."

"நிறுத்துனா இன்னா ஆவும்னு தெரியும்லப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசுறியா?"

"அந்த ரோட்டுல போயி வாந்தி எடுத்துக்கினு நாலு வருஷம் இருக்கறதுக்கு, வூட்டுல நாலு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போறேன். முடியலம்மா. அந்த டபடபன்னு சத்தம் வேற மண்டையிலயே அடிக்குது."

கெஞ்சினேன். கத்தினேன். சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து மறுபடியும் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். எங்கள் வீட்டில் கோபம் மாறிவிடும், அமைதியாகச் சொன்னது மாறாது.

மறுநாள் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு அந்த ஷெட்டுக்குப் போனது இதற்காகத்தான். கடைசித் தடவையாவது அந்தச் சத்தம் இல்லாமல் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. வேறு எதுவும் என் கையில் இல்லை. ஒரு ஒட்டுப் போட்டு ஒரு மணி நேரத்தில் கொடுத்தால் போதும் என்றேன்.

அவர் பைப்பைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்தார். டிக்கிக்குக் கீழே பம்பரில் இரண்டு இடத்தில் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"டிக்கிய கயிறு போட்டுக் கட்டுறீங்களா?"

"ஆமா. வீல்சேர் வெக்கிறோம். மடிச்சாலும் வெளிய நீட்டிக்கினு இருக்கும். டிக்கி மூடாது. அதான் பாதி தெறந்தபடி கட்டிடுவேன்."

"எத்தினி நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"அப்பாவுக்குத் தலவலி வர ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"எங்கப்பா டயாலிசிஸ் பேஷண்ட்டுங்க. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? ஓட்டைய அடைச்சுக் குடுங்க, நான் கெளம்புறேன்."

அவர் என் கோபத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"தலவலி போறப்பவா, வர்றப்பவா?"

"ரெண்டு தடவையும்தான்."

"போறப்பவே வருதுல்ல?"

"வருது. அதுக்கு?"

"மிஷின்ல படுத்து எந்திரிச்சு வர்றப்ப முடியலன்னா மிஷின சொல்லலாம். வூட்லேருந்து நல்லா கெளம்பி, போய்ச் சேர்றதுக்குள்ள முடியாமப் போவுதுன்னா?"

அவர் முடிக்கவில்லை. எத்தனை டாக்டர், எத்தனை ரத்தப் பரிசோதனை. வீட்டிலிருந்து கிளம்பும்போது எப்படி இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல் தேய்த்து, சவரம் செய்துகொண்டு, பேப்பர் படித்துவிட்டுத்தான் காரில் ஏறினார் என்று நான் சொல்லியிருப்பேன்.

"எப்பவும் எப்டிக் கட்டுவீங்களோ அப்டியே கட்டுங்க" என்று கயிற்றை எடுத்துக் கொடுத்தார். கட்டினேன். அப்பா எப்படி உட்காருவார் என்று கேட்டார். இடது பக்கம் சாய்ந்து, காலைச் சீட்டின் மேல் நீட்டி, காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு. டயாலிசிஸ்காரர்களுக்குக் குளிர் ஆகாது, அதனால் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும், என் பக்கம் மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருக்கும். அவர் அதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். துண்டு கூடக் கட்டிக்கொண்டார். "ஓட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

இதுதான் அவர் வேலை செய்கிற விதம். பைப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, வேலை முடிந்தபின் ஒரு தடவை, யாருக்குத் தொந்தரவோ அவர்கள் இடத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பார். புகையைக் கண்டுபிடிக்க மிஷின் இருக்கிறதே என்று அப்புறம் ஒருநாள் கேட்டதற்கு, "இருக்குது. அதுக்குக் குமட்டாது" என்றார். அது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

யுனிவர்சிட்டி தாண்டிப் போனோம். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். "ஓரங்கட்டுங்க" என்றார். கதவைத் திறந்து இறங்கிச் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "தல கனக்குது" என்றார். எனக்கும் இரண்டு பொட்டிலும் தெறித்துக்கொண்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் வருகிற அதே வலி. கவலையில் வருகிறது என்று நான் மாத்திரை போட்டுக்கொள்கிற வலி.

"ஒரு வாசனையும் தெரியலையேண்ணே" என்றேன். அண்ணே என்று எப்போது மாறினேன் என்று தெரியாது.

"எங்க தெருவுல யாருக்கும் கருவாட்டு வாசன தெரியாதும்மா. வெளியூர்க்காரன் வந்தாத்தான் மூக்க மூடுவான். தெனம் உள்ள இருந்தா மூக்கு பழகிக்கும். அதுல கொல்ற புகைக்கு வாசனையே கெடையாது."

ஷெட்டுக்குத் திரும்பியதும் என்னைக் குழிக்குள் இறங்கச் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கீழேயிருந்து பார்த்தால் சைலன்சருக்கு முன்னால் வருகிற நடு பைப்பு துருவேறி இருந்ததே தவிர முழுசாகத்தான் தெரிந்தது. என் கையைப் பிடித்து பைப்பின் மேல்பக்கம் வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது. அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. அதற்கு நேர் மேலே காரின் தரையில் தண்ணீர் வடிகிற துளை. அதன் ரப்பர் மூடி எப்போதோ விழுந்திருக்கிறது. அதற்கு மேல் மிதியடி, மிதியடிக்கு மேல் பின் சீட்டு.

"இது ஒரு வழி. டிக்கி தெறந்து வெச்சு ஓட்டுனா பின்னாடி விடுற புகைய வண்டியே உள்ள இழுத்துக்கும். அது இன்னொரு வழி. ரெண்டும் சேந்துடுச்சு."

நான் அந்தக் குழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா நடக்கத் தள்ளாடியதால் வீல்சேர் வாங்கினேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வாங்கியது முன்ஜாக்கிரதைக்கு. ஆஸ்பத்திரி வராந்தா நீளம், பாவம் என்று. தள்ளாட்டம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் நான்தான் கட்டினேன்.

"இன்னிக்கு ஒட்டுப் போட்டுக் குடுங்கண்ணே. நாளைக்குப் போவணும். அப்புறமா நிதானமா மாத்திக்கலாம்."

"ஒட்டுப் போட்டா சத்தம் நிக்கும். சத்தம் நின்னா நீங்க வர மாட்டீங்க" என்றார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு முழுக்க அந்த ஒரு வேலைதான் பார்த்தார். துருவில் இறுகிப்போன நட்டுகள் எதுவும் திரும்பவில்லை. எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார். பழைய பைப்பை வெளியே இழுத்தபோது பாதி வழியிலேயே இரண்டாக ஒடிந்தது. புதுப் பைப்பை அளந்து வளைத்து, இரண்டு முனையும் சுற்றி வெல்டிங் வைத்து, தொங்குகிற ரப்பர்களை மாற்றி, தரைத் துளைக்கு மூடி போட்டு, டிக்கி ரப்பரையும் புதுசாக ஒட்டினார். இன்ஜினை ஓடவிட்டு, புகை வெளியே வருகிற வாயில் ஈரச் சாக்கைத் திணித்து அழுத்தச் சொன்னார். நான் அழுத்திக்கொண்டிருக்க, அவர் குழிக்குள் நின்று ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு இடத்தில் வந்தது. மறுபடியும் வெல்டிங். சாப்பிடப் போங்கள் என்று சொன்னேன், காதில் விழவில்லை.

"வீல்சேர எங்க வெக்கிறது?" என்று கேட்டேன்.

"பைய எறக்கிட்டு அத முன்னாடி உக்கார வெய்யுங்க."

பிறகு மறுபடியும் பின் சீட்டில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் பசிக்கிறது என்றார். குமட்டல் இல்லை என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

வெயில் தணிந்திருந்தது. கிளம்ப மனசில்லாமல் நின்றேன். "கயிறு கட்டுனது நான்தாண்ணே" என்றேன்.

"ஆமா" என்றார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்த 'ஆமா' அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் 'நீ என்ன செய்வே, விதி' என்று சொல்லியிருந்தால் அதைவிட மோசமாக இருந்திருக்கும்.

அப்பா வெள்ளிக்கிழமையிலிருந்து வரமாட்டேன் என்று சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சோப்பு வாளியை அப்படியே கீழே வைத்தார்.

"அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"எப்டிண்ணே சொல்றது, நானே உனக்குப் புகை போட்டேன்னு?"

"அவரு ஒடம்பு முடிஞ்சுபோச்சுன்னு அவரு முடிவு பண்ணிட்டாரு. அப்டி இல்லன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

நான் கார்க் கதவைத் திறந்தேன். அவர் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "சரி. நாளைக்கு எத்தினி மணிக்கு இந்தப் பக்கம் வருவீங்க?"

இப்போது அந்த ஷெட் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள். குப்பத்தில் விசாரித்தேன். மகளோடு காரைக்கால் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், சென்னையில் ஏதோ வொர்க்‌ஷாப் என்று இன்னொருவர் சொன்னார். அந்தத் திருப்பத்தில் கார் தானாக வேகம் குறைகிறது, நான் பிரேக்கை மிதிக்கிறேன் என்பது பின்னால் ஹாரன் அடிக்கும்போதுதான் தெரிகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அப்பா ஏறி உட்கார்ந்தார். முன் சீட்டில் வீல்சேரைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது கடைசிப் பயணம். நான் இரவெல்லாம் யோசித்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருப்பத்தில் சைலன்சர்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நின்றிருந்தார். நிறுத்தினேன். பின் கதவைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"யாரும்மா இவரு?"

"வண்டி வேல பாத்தவருப்பா."

"பெரியவரே, தல எப்டி இருக்கு?" என்று கேட்டார் அவர்.

அப்பாவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "இன்னிக்கு இன்னும் வரல" என்றார்.

"வராது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். பைப்பு, துளை, டிக்கி, ஒன்றையும் விடவில்லை. "கயிறு கட்டுனது உங்க பொண்ணு. அவங்களுக்குத் தெரியாது. உங்க ஒடம்புல நோய் இருக்குது பெரியவரே, அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா தலவலியும் வாந்தியும் நோய் இல்ல. அது வண்டி. அத மாத்தியாச்சு."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அப்பா வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி இல்லை. சைலன்சர்காரர் கை கொடுத்து அவரை இறக்கிவிட்டு, "நான் பஸ்ல போயிக்கறேம்மா" என்று சாலையைத் தாண்டிப் போய்விட்டார். அப்பா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் குறைவாக இருக்கிறவருக்குக் கொஞ்சம் புகையே நிறைய என்றார். வெள்ளிக்கிழமை பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல், என் மேல் கோபமா என்று கேட்கவும் தைரியம் இல்லாமல்.

திரும்பி வரும்போது அப்பா களைத்திருந்தார், ஆனால் கண் திறந்திருந்தது. காலாப்பட்டு தாண்டியது, ஷெட் தாண்டியது. லாஸ்பேட்டைக்குத் திரும்புகிற சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாலு மாசமா நீயும் இதே வண்டியிலதானே வந்த?"

"ஆமாப்பா."

"ஒனக்குத் தலவலி வரல?"

"வந்துச்சு."

"சொல்லவே இல்ல."

"நீ அந்தக் கஷ்டத்துல இருக்க, நான் போயி என் தலவலியச் சொல்லிக்கினு."

சிக்னல் விழுந்தது. நான் காரை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அப்பா மறுபடியும் பேசினார்.

"வெள்ளிக்கெழம ஒன் பக்கத்துக் கண்ணாடிய முழுசா எறக்கி விட்டுக்க. நான் கம்பளி போத்திக்கிறேன்."